உங்களுக்குத் தெரியுமா? மாணவருக்கே பணம் தரும் வடிவமைப்புப் பள்ளி!

செயலித் திரைகளை வடிவமைக்கக் கற்றுத்தரும், ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் வடிவமைப்புப் பள்ளி கட்டணம் வாங்குவதில்லை. மாணவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது.

• இப்பள்ளியை உள்ளடக்கிய ஜோஹோ பள்ளிகள் தொடங்கிய ஆண்டு 2004. சென்னையிலும் தென்காசியிலும் இயங்குகின்றன.

• பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் சேரலாம். படிப்பின் முடிவில் பட்டம் கிடையாது.

• பட்டமில்லாமல் பிற்காலத்தில் வேலை கிடைக்குமா என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் இத்துறையில் திறமைக்குச் சான்று, நீங்கள் செய்து வைத்திருக்கும் மாதிரிகளே. மாதிரி செய்ய விலையுயர்ந்த மென்பொருளும் தேவையில்லை: பென்பாட், இங்க்ஸ்கேப் இரண்டையும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

நெல்லை மாணவர்களே, உங்கள் ஊர்ப் பேருந்து நேரத்தைக் காட்டும் திரை ஒன்றை இன்றே வரைந்து பாருங்கள்.