புதிய வில்லும் சரிந்த வண்டியும்

மோட்டார் வண்டியைத் தாழ்த்தி ஓட்டும் வழக்கம் எமது இளைஞரிடையே பரவியிருக்கின்றது. வண்டியோடு வந்த சுருள்விற்களைக் கழற்றிவிட்டு, அவற்றிலும் குட்டையானவையும் கடினமானவையுமான விற்களைப் பூட்டுகின்றனர். கராஜுகளிலே ‘ஸ்பிறிங்’ என வழங்குவது இவற்றையே. வண்டி நிலத்தை அண்டி நிற்பது கண்ணுக்கு அழகு என்பது ஒரு காரணம். புவியீர்ப்பு மையம் தாழ்வதனால் வளைவுகளிலே வண்டி சரிவது குறையும் என்பது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தில் உண்மையும் உண்டு.

ஆனால், வேலை முடிந்து வண்டியை நிலத்தில் இறக்கியதும் பலருக்கு ஒரு மனக்குறை உண்டாகின்றது. ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் பதிந்தும் வண்டி சரிந்து நிற்கின்றது. ‘வில் பிழை’ என்று அக்கணமே தீர்ப்பும் எழுதப்படுகின்றது. விற்றவரோடு வாக்குவாதம்; பூட்டியவரோடு மனத்தாங்கல்; மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் வீணாயிற்றே என்று வீட்டிலே புலம்பல். தீர்ப்புக்கு முன்னர் விசாரணை வேண்டுமன்றோ? அவ்விசாரணையை நடத்தும் முறையையே ஈண்டு எடுத்துக் கூற விழைகின்றோம். பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த பயிற்சி கிடைப்பது அரிது.

ஊக்கின் விதி

வில்லின் இயல்பை முதன்முதல் விதியாக வகுத்தவர் ஆங்கில விஞ்ஞானியாகிய ரொபேட் ஊக் என்பவர். தாம் கண்டதை 1676ஆம் ஆண்டில் எழுத்துக்களை இடம் மாற்றிய புதிராக வெளியிட்ட அவர், 1678இல் அப்புதிரைத் தாமே விடுவித்தார். விசை எவ்வளவோ, அதற்கேற்ற விகிதத்திலேயே வில்லின் நீட்சியும் குறுக்கமும் அமையும் என்பதே அவ்விதி.

கணக்கொன்று பார்ப்போம். வண்டியின் ஒரு மூலையிலுள்ள வில் 300 கிலோகிராம் சுமையைத் தாங்குவதாகக் கொள்வோம். அதனை ஒரு சென்ரிமீற்றர் குறுக்குவதற்கு 30 கிலோகிராம் சுமை வேண்டுமாயின், வண்டி நிற்கும்போது அது 10 சென்ரிமீற்றர் குறுகியிருக்கும்.

வில்லின் கடினம் அதன் கம்பியின் விட்டத்தினது நான்காம் அடுக்குக்கு நேர்விகித சமமானது. ஆகவே, 12 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய கம்பி 12.2 மில்லிமீற்றராக அமைந்துவிட்டால் வில்லின் கடினம் ஏறக்குறைய 7 வீதம் கூடும். அவ்வில் 10 சென்ரிமீற்றருக்குப் பதிலாக ஏறக்குறைய 9.4 சென்ரிமீற்றரே குறுகும். மயிரிழை போன்ற பிழை 6 மில்லிமீற்றர் உயரமாக வளர்ந்துவிடுகின்றது. எனவே, வில்லிலே குற்றம் இருக்கவே மாட்டாது என்று நாம் வாதிக்கவில்லை. குற்றவாளி அது ஒன்றுதானா என்பதே வினா.

முதலில் அளவு

‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. இங்கோ, சில வேளைகளிலே கூடமே கோணல்தான்! வீட்டு முற்றமும் கராஜின் தரையும் மட்டமாக இருப்பது அரிது. ஆதலின், முதலில் நீர்மட்டம் வைத்துத் தரையைச் சோதிக்க வேண்டும். அன்றேல், வண்டியை அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி நிறுத்தி இரண்டாம் முறை அளக்க வேண்டும். சரிவும் பக்கம் மாறுமாயின் குற்றம் தரையுடையது.

நான்கு ரயர்களும் ஒரே அளவினவாய், உரிய காற்றழுத்தம் உடையனவாய் இருத்தல் வேண்டும். சில்லின் மையத்திலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளந்தால் ரயரின் வேறுபாடு கணக்கில் வாராது. எனினும், என்றோ விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்ட மட்காட் தானே கோணலாக இருத்தல் கூடும். ஆகையால், வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து நிலம் வரையும் அளந்து இரண்டையும் ஒப்பிடுவதே முறை.

பழைய விற்களைக் கழற்றுமுன்னரே நான்கு மூலைகளையும் அளந்து எழுதி வைப்பவன் புத்திசாலி. சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் வெளி இருந்தபோது கண்ணுக்குத் தோன்றாத அரைச் சென்ரிமீற்றர் வேறுபாடு, அவ்வெளி 5 சென்ரிமீற்றராகச் சுருங்கியதும் பளிச்செனத் தெரிகின்றது. முன்னரே இருந்த சரிவைப் புதிய வில்லின் தலையில் சுமத்துவது நியாயமாகுமா?

சுமையும் சமமன்று

மனிதரின் இடவலம் போலவே வண்டியின் இடவலமும் முற்றும் ஒத்தனவல்ல. பற்றரி ஒரு பக்கம். பெற்றோல் தாங்கி வேறொரு பக்கம். எமது நாட்டிலே சாரதியின் இருக்கை வலப்பக்கத்தது. 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் அதில் அமர்ந்தால், வலப்பக்க விற்கள் இரண்டும் ஏறக்குறைய 25 கிலோகிராம் வீதமும், இடப்பக்கத்தவை 10 கிலோகிராம் வீதமும் ஏற்கின்றன எனலாம். மேலே கூறிய வில்லின் கணக்குப்படி, வலப்பக்கம் 5 மில்லிமீற்றர் கூடுதலாகப் பதியும். பழைய லாண்ட் றோவர் வண்டிகளிலே சாரதியின் பக்கத்துக்கு ஒரு வகைப் பட்டைவில்லும் மற்றப் பக்கத்துக்கு வேறொரு வகையும் அமைத்திருந்தது இதனாலேயே. இவ்வாறு பக்கத்துக்கொன்றாகச் செய்த விற்கள் வேறு சில வண்டிகளிலும் உள. அவற்றை மாற்றிப் பூட்டினால் சரிவு உறுதி.

பூட்டிய முறை

அடுத்து, பூட்டிய முறையை ஆராய வேண்டும். சுருள்வில்லின் நுனி, அது அமரும் தட்டிலுள்ள படியிலே சரியாகப் பொருந்த வேண்டும். சற்றுத் திரும்பிப் படியின் மேல் ஏறிவிட்டால் அம்மூலை உயர்ந்துவிடும். பழைய றப்பர் மெத்தை ஒரு பக்கம் நைந்தும் மறுபக்கம் புதிதாயும் இருப்பினும் அவ்வாறே நிகழும்.

பலரும் அறியாத காரணம் ஒன்று உண்டு. சில்லுகளைத் தாங்கும் கைகளின் மூட்டுகளிலே றப்பர் புஷ்கள் உள. வண்டி அந்தரத்தில் தூக்கியிருக்க, சில்லுகள் தொங்கும் நிலையிலேயே அம்மூட்டுகளின் மறையாணிகளை இறுக்கிவிடுவர். வண்டியை இறக்கும்போது அந்த றப்பர் முறுக்குண்டு, தானும் ஒரு வில்லாகி வண்டியை மேலே தள்ளுகின்றது. ஒரு பக்கம் முன்னரும் மறுபக்கம் பின்னரும் இறுக்கியிருந்தால் உயரமும் வேறுபடும். முறுக்குண்ட றப்பர் விரைவில் கிழிந்தும் போகும். மறையாணிகளைத் தளர்த்தி, வண்டியைச் சில்லுகளின் மேல் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, அந்நிலையில் இறுக்குவதே இதற்குப் பரிகாரம். செலவு சிறிது, பயனோ பெரிது.

மூலைக்கு மூலை

எமது பழைய மாணவர் ஒருவரின் வண்டியில், பின்பக்க வலமூலை இடமூலையிலும் 6 மில்லிமீற்றர் தாழ்ந்து நின்றது. பின்விற்களை இருமுறை மாற்றியும் பயனில்லை. ஈற்றில் ஆராய்ந்தபோது, முன்பக்க இடமூலையின் வில்லே தன் படியில் அமராது 12 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தமை தெரிந்தது.

இஃது எவ்வாறு நிகழும்? நான்கு கால் மேசையின் ஒரு காலின் கீழே சிறு பலகை வைத்தால் என்ன ஆகின்றது? அக்காலும் அதற்கு எதிர்மூலைக் காலுமே சுமையைத் தாங்குகின்றன. வண்டியும் அவ்வாறே. நான்கு விற்களும் ஒத்தனவாயின், 12 மில்லிமீற்றர் உயர்த்திய மூலை 9 மில்லிமீற்றரே எழும். அடுத்துள்ள இரு மூலைகளும் 3 மில்லிமீற்றர் வீதம் எழும். எதிர்மூலை 3 மில்லிமீற்றர் தாழும். முன்னும் பின்னும் சரிவு ஒரே அளவாக, 6 மில்லிமீற்றராகவே தோன்றும். நோய் ஓரிடம், வலி வேறிடம்! இதனைக் காண எளிய சோதனை உண்டு. முன்பக்கத்தை அதன் நடுவில் ஜாக்கி வைத்துச் சற்றே உயர்த்துக. பின்பக்கம் அப்பொழுது மட்டமாயின் குற்றம் முன்பக்கத்தது. சரிவு நீங்காவிடின் பின்பக்கத்தது.

இத்தனையும் சோதித்த பின்னரே வில்லைச் சோதிக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வகை விற்களாயின், இடத்ததை வலமும் வலத்ததை இடமுமாக மாற்றிப் பூட்டுக. சரிவும் பக்கம் மாறினால் குற்றம் வில்லுடையது. மாறாது நின்றால் வண்டியுடையது. ஒன்றை மாத்திரம் மாற்றி, ஏனையவற்றை மாற்றாது விடும் இம்முறையே ஆய்வுகூடத்தின் முதற் பாடமாகும்.

அழகினும் உயிர் பெரிது

உயர வேறுபாடு சில மில்லிமீற்றராயின் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக்கூடாதவை சில உள. வண்டி தாழ்ந்தால் சில்லுகளின் சாய்வும் திசையும் மாறும். ‘வீல் அலைன்மென்ற்’ செய்யாது ஓட்டினால் ரயரின் உட்புறம் விரைவில் தேயும். சில வண்டிகளிலே, பின்பக்கம் பதிவதைக் கொண்டு சுமையை அறிந்து பின் பிறேக்கின் அழுத்தத்தைக் கூட்டும் அமைப்பு உண்டு. தாழ்த்திய வண்டியைச் சுமையேற்றிய வண்டி என அது மயங்குமாயின், மழை நாளில் பின்சில்லுகள் பூட்டுண்டு வண்டி சுழலக்கூடும். அதனைத் திரும்ப ஒழுங்கு செய்தல் இன்றியமையாதது.

விற்களைக் கழற்றுவதிலும் எச்சரிக்கை வேண்டும். நாம் கணக்கிட்ட வில், 15 கிலோகிராம் நிறையை ஒரு மீற்றர் உயரம் தூக்கவல்ல ஆற்றலை அடக்கி வைத்திருக்கின்றது. கட்டவிழ்ந்து பாய்ந்தால் கையையோ முகத்தையோ சிதைத்துவிடும். உரிய அமுக்கு கருவியின்றி எவரும் அதனைத் தொடலாகாது. வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டியின் கீழே எவரும் புகலாகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகன் இதில் ஆசை கொண்டால் வெறுமனே தடுப்பதினும், ‘அளந்து எழுதினாயா?’ என்று கேளுங்கள். அளவுநாடாவும் கொப்பியும் பென்சிலும் கொண்டு அரை நாள் செலவிட்டால், வேண்டாத விற்களுக்கு அழியும் பணமும், நல்ல தொழிலாளி மீது சுமத்தும் பழியும் மிச்சமாகும்.