மாதம் 3 ரூபாய்க்குக் காய்கறி கொடுத்த தோட்டம்

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்போம், இல்லாவிட்டால் மே மாத மலர்க் கண்காட்சிக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருப்போம். புல்வெளியில் போட்டோ எடுத்துக்கொண்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம். ஒருமுறை விவசாயியாகப் போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தோட்டம் அழகுக்காக ஆரம்பித்ததே இல்லை. 1845-ல் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள், நியாயமான விலையில் காய்கறி வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா, விளைவது சந்தாதாரர்களுக்கு. இன்றைக்கு நம்ம ஆட்கள் டவுன் குடும்பங்களிடம் மாதப் பணம் வாங்கிக்கொண்டு வாராவாரம் காய்கறிப் பை கொடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான்! திட்டம் நிலைக்கவில்லை. பேங்கில் கணக்குப் பார்த்தே தலை நரைத்த எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சந்தா மாதாமாதம் ஒரே அளவு. விளைச்சல் அப்படி வராதே. பை கொடுக்கிற நண்பர்கள் கொஞ்சம் யோசிக்கணும்.

பிறகு அது பொதுத் தோட்டமானது. 1848-ல் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்புக்கு வந்தார். தொட்டபெட்டாவின் கீழ்ச்சரிவு அது. மேலே காடும் ஓடைப்பள்ளமும், கீழே சதுப்பு. சதுப்பை வடித்து, சரிவைப் படிப்படியாகத் திருத்தி முடிக்க சுமார் 10 வருஷம் ஆயிற்று. இப்போது 55 ஏக்கர்.

பூவை விட்டுவிட்டு அந்தச் சரிவைப் பாருங்கள். தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், மண் எங்கேயாவது வெறுமனே கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படியே கேத்திப் பக்கம் போனால், சில காய்கறிக் காடுகளில் பார் மேலிருந்து கீழாக ஓடும். கேட்டால், "தண்ணி நின்னா கிழங்கு அழுகிடும் சார்" என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் ஒரு கனமழைக்கு ஓடையில் ஓடுவது மேல்மண். சரிவுக்குக் குறுக்கே படிமட்டம் அமைத்து, உபரி நீருக்கு ஓரமாக வடிகால் விட்டால் இரண்டு பிரச்னையும் தீரும். 1954 முதல் ஊட்டியிலேயே இருக்கிற மண், நீர்வள ஆராய்ச்சி மையம் சொல்வதும் இதுதான். செலவு பிடிக்கும், மறுக்கவில்லை.

மெக்ஐவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1860-களில் நீலகிரியில் சின்கோனா வளர்த்தவர் அவர். மலேரியாவுக்குக் கொயினா எடுப்பது அதன் பட்டையிலிருந்துதான். பட்டைக்காக மரத்தை வெட்டாமல், இடைவிட்டு நீளவாக்கில் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். உள்ளே புதுப் பட்டை வளர்ந்தது, அதில் கொயினா சத்தும் கூடுதலாக இருந்தது. நாம் மண்ணுக்குப் போடும் மூடாக்கை அவர் மரத்துக்குப் போட்டார்!

வெள்ளைக்காரர் சாப்பாட்டுக்கு வந்த உருளை, கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட்தான் பின்னால் இந்த மலையின் பிழைப்பாயிற்று. உருளைக்குப் பின்னாலேயே நூற்புழுவும் வந்தது. 1961-ல் நீலகிரியில்தான் கண்டுபிடித்தார்கள். அதன் முட்டைக்கூடு மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். உருளைக்குப் பின் உருளை வைத்தால் எந்த மருந்தும் நிரந்தரமாகக் காப்பாற்றாது. கேரட், கோஸ், பீன்ஸ் என்று பயிரை மாற்றுங்கள், உருளைக்கு நடுவே கடுகு ஊடுபயிராக விடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் படகர்கள் இங்கே சாமையும் கொறலியும் ராகியும் விளைவித்தார்கள். அந்தக் காடுகள் இன்று தேயிலையாகவும் கேரட்டாகவும் மாறிவிட்டன. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த மரங்கள் நிற்கிற பூங்காவில் சாமைக் கதிர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மேல்கோடியில் தோடர் மந்து இருக்கிறது, அங்கே வரைக்கும் நடந்தும் பார்த்துவிட்டேன்.

பூங்கா தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கிறது. அடுத்த மலர்க் கண்காட்சிக்குள் நம் இயக்கத்தின் சார்பில் ஒரு மனு கொடுக்கலாம். சாமைக்கு ஒரு பாத்தி, கொறலிக்கு ஒரு பாத்தி, பெயர்ப்பலகையோடு. 55 ஏக்கரில் 2 சென்ட் கேட்கிறோம், அவ்வளவுதான். விதை கொடுக்கக்கூடிய படக விவசாயிகள் இதைப் படித்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள்.