நான் கடன் கொடுத்தவளா, கூட்டாளியா?



இந்தப் பகுதியில் சமையல், மாமியார், பிள்ளைகள் படிப்பு என்று எத்தனையோ கடிதங்கள் படிக்கிறேன். நான் எழுதப்போவது ஒரு டிரங்குப் பெட்டியைப் பற்றி.

எனக்கு 63 வயது. என் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் போகிக்கு முந்தின நாள், பரணை ஒழிக்கும்போது அவருடைய பச்சை டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினேன். உள்ளே இரண்டு கட்டு இருந்தது. ஒன்று, ஒரு நிதி நிறுவனத்தின் டெபாசிட் ரசீது, வட்டிக் கவர்கள். ரசீதில் 24 சதவீதம் என்று பெரிசாக அச்சடித்திருந்தது. இன்னொன்று, பிளாஸ்டிக் உறையில் மூன்று கம்பெனிகளின் பங்குப் பத்திரங்கள். எல்லாம் ஆங்கிலம், ஓரமெல்லாம் பூ வேலைப்பாடு. ரசீதுக் கட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பத்திரங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடுத்து வைத்தேன். சரியாகத் தலைகீழாகச் செய்திருக்கிறேன் பாருங்கள்!

நல்ல வேளை, எதிர்வீட்டு சார் வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் கிடந்த கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதைப் போய் கிலோ கணக்குல போடப் போறீங்களே! ரெண்டாவது பேர் உங்க பேர்தான், பார்த்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். என் பெயர்தான். "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று அவர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டுவார். நானும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த அவசரத்தில் போட்டுவிட்டுப் போவேன். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்? ரெண்டும் கம்பெனியில் போட்ட பணம்தானே?" என்றேன். அதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் இந்தக் கடிதத்தையே எழுத வைத்தது.

பால்காரர் மாடு வாங்கப் பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 10,000 ரூபாய் கடனாகக் கொடுக்கலாம். மாடு பால் கறந்தாலும் கறக்காவிட்டாலும் வட்டி தரவேண்டியது அவர் பாடு. ஆனால் மாடு இரண்டு கன்று போட்டாலும் உங்களுக்கு வட்டிக்கு மேல் ஒரு ஆழாக்குப் பால் கூட வராது. இல்லையென்றால் "மாட்டுல எனக்குப் பாதி" என்று சொல்லிப் பணத்தைப் போடலாம். பால் பெருகினால் உங்களுக்கும் பெருகும். மாடு செத்தால் உங்கள் பாதியும் செத்தது. வட்டி கேட்க முடியாது.

டெபாசிட், கடன் பத்திரம், டிபென்சர் எல்லாம் முதல் வகை. பங்கு என்பது இரண்டாவது வகை. அவ்வளவுதான் சமாசாரம். இது தெரிய எனக்கு 63 வயதாகியிருக்கிறது.

முதலில் அந்த 24 சதவீதக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1995-ல் என் அம்மா போட்ட இரட்டை வடச் சங்கிலியை விற்று, 20,000 ரூபாய் அந்த நிறுவனத்தில் போட்டோம். அப்போது வங்கியில் 12, 13 சதவீதம்தான் வட்டி. இங்கே மாதம் பிறந்தால் 400 ரூபாய் கவரில் வரும். 14 மாதம் வந்தது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை! 15-ஆவது மாதம் ஷட்டரில் பூட்டு. வாசலில் எங்களைப் போல நூறு பேர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாடு முழுக்க அந்த வருஷங்களில் இப்படி நிறைய நடந்தது. அதற்குப் பிறகுதான் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. நாங்களும் மனு கொடுத்தோம். மனு நம்பர் இன்னும் பெட்டியில் இருக்கிறது, பணம்தான் வரவில்லை.

14 மாதம் வாங்கின 400 ரூபாயை எல்லாம் கூட்டினால் 5,600. அது வட்டியே இல்லை, என் சங்கிலியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

சார் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்கு 24 கொடுக்கணும்னா, அவங்க 30-க்கு மேலே வெளியே விட்டாத்தானே கட்டும்? வங்கியில கடன் கிடைக்கிறவன் 30 வட்டிக்கு ஏம்மா வாங்கறான்?" அதாவது, எங்கேயும் கடன் கிடைக்காதவர்களுக்குத்தான் என் சங்கிலி போயிருக்கிறது. அதுவும் பிணை இல்லாமல். ஒரு கம்பெனியை மூடி சொத்தை விற்றால், சொத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்களுக்கும் தொழிலாளர் சம்பள பாக்கிக்கும்தான் முதலில் போகுமாம். வெறும் ரசீதை நம்பிக் கொடுத்தவர்கள் அதற்கு அப்புறம். பங்குதாரர் கடைசி வரிசை. பெயருக்குக் கடன் கொடுத்தவள், ஆனால் மாடு செத்ததும் கூட்டாளிக்கு வந்த கதிதான் எனக்கும்.

வங்கி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. முன்பு 1 லட்சம் வரை இருந்ததை 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் ஆக்கினார்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து அவ்வளவு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது கிடையாது. அன்றைக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா? 400 ரூபாய் கவர் கண்ணை மறைத்திருக்கும்!

இனி பங்குப் பத்திரத்துக்கு வருகிறேன். 1992 ஹர்ஷத் மேத்தா ஊழல் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 4,000-ஐத் தாண்டிப் போன சென்செக்ஸ் அடுத்த வருஷம் ஏறத்தாழப் பாதிக்கு வந்துவிட்டது. அந்தக் கலவரம் அடங்கின பிறகு புதுப் புதுக் கம்பெனிகள் பொது வெளியீடு என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தன. எங்கள் வீட்டுக்காரர் மூன்றில் போட்டிருக்கிறார், 1993, 94-ல். ஒவ்வொன்றிலும் 100 பங்கு.

இங்கே எனக்கு இருந்த ஒரு பெரிய தப்பெண்ணம். ஒரு கம்பெனி "30 சதவீத டிவிடெண்ட்" என்று கடிதம் போட்டிருந்தது. "அடேயப்பா, 24-ஐ விட இது ஜாஸ்தியாச்சே!" என்றேன். சார் சிரித்தார். டிவிடெண்ட் சதவீதம் முகமதிப்பின் மேல் கணக்கு. பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்குக்கு 30 சதவீதம் என்றால் 3 ரூபாய். அந்தப் பங்கு சந்தையில் 300 ரூபாய்க்கு விற்றால், 300 போட்டவருக்கு 3 ரூபாய், அதாவது 1 சதவீதம்தான். லாபம் இல்லாத வருஷம் அதுவும் இல்லை.

போனஸ் பங்கும் அப்படித்தான். ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் 100 பங்கு 200 ஆகும், ஆனால் விலை பாதியாக இறங்கிவிடும். ஒரு அதிரசத்தை இரண்டாகப் பிட்டால் இரண்டு அதிரசம் ஆகிவிடுமா? முப்பது வருஷத்தில் கம்பெனி வளர்ந்து, அதிரசமே பெரிசானால்தான் உண்டு. எங்களுடைய மூன்றில் ஒன்று அப்படி வளர்ந்தது. 100 பங்கு போனஸில் 200 ஆகி, பத்து ரூபாய்ப் பங்கை இரண்டு ரூபாயாகப் பிரித்ததில் 1,000 ஆகியிருக்கிறது. இன்னொன்று தத்தித் தத்தி நடந்து, வேறு கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. மூன்றாவது, இருந்த இடமே தெரியவில்லை. கூட்டாளியாக இருந்தால் மூன்று கதியும் உண்டு, அதனால்தான் ஒரே மாட்டில் போடாதே என்கிறார்கள். மியூச்சுவல் பண்ட் என்பது பல பேர் காசைச் சேர்த்துப் பல மாட்டில் கொஞ்சம் கொஞ்சம் போடுவது. அதிலும் விலை இறங்கும்.

ஒரு பயம் மட்டும் தெளிந்தது. கூட்டாளி என்றால் கம்பெனி பட்ட கடனுக்கு நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களோ என்று நினைத்திருந்தேன். மாட்டார்கள். பங்குக்கு உரிய பணத்தை முழுதாகக் கட்டியிருந்தால், அது போகலாம், அதற்கு மேல் நம்மைக் கேட்க முடியாது.

சரி, வளர்ந்த கம்பெனிப் பங்கு கைக்கு வந்ததா? அதுதான் கதையே! 2006-ல் வாடகை வீடு மாறினோம். கம்பெனிக்கு விலாசம் மாற்றிக் கடிதம் போடவில்லை. டிவிடெண்ட், போனஸ் பத்திரம் எல்லாம் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. தொடர்ந்து 7 வருஷம் டிவிடெண்ட் வாங்காத பங்குகளை முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி என்ற மத்திய அரசின் நிதிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது சட்டம். எங்களுடையதும் போய்விட்டது. போனது போனதுதான் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். "இல்லம்மா, உரிமை போகலை. கேட்டா திருப்பித் தருவாங்க" என்றார் சார்.

கேட்பது லேசாக இல்லை. கணவரின் இறப்புச் சான்றிதழ் கொடுத்து அவர் பெயரை நீக்க வேண்டும். நான் இரண்டாவது பெயராக இருந்ததால் பங்கு என் பேருக்கு வர வழி சுலபமானது. இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் ஒப்புதல் என்று அலைச்சல் இன்னும் கூடியிருக்குமாம். பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இப்போதெல்லாம் பங்கு காகிதத்தில் இல்லை, டிமேட் கணக்கில்தான். ஆகவே அதையும் திறந்தேன், இந்த வயதில்!

கையெழுத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 1993-ல் முத்து முத்தாகத் தமிழில் போட்டிருக்கிறேன். இப்போது கை நடுங்குகிறது, கோழி கிறுக்கின மாதிரி வருகிறது. ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் வங்கி மேலாளர் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர் சான்று கொடுத்த பிறகு ஏற்றார்கள். கம்பெனி தரும் உரிமைக் கடிதம் வந்துவிட்டது. மத்திய அரசுக்கு இணையதளத்தில் விண்ணப்பித்துப் பல மாதம் ஆகிறது. காத்திருக்கிறேன். "பாதிப் பணத்தைக் கொடுங்க, நாங்க வாங்கித் தர்றோம்" என்று ஒருவர் போன் செய்தார். பேரன் துணையோடு நானே செய்துகொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நாமினி போட்டாச்சே, போதாதா என்று கேட்பீர்கள். போடுங்கள், அவசியம். ஆனால் பங்கில் நாமினி என்பதால் மட்டும் ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் பிள்ளைகளிடம் இதை இப்போதே பேசிவிட்டேன்.

போன மாதம் என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, வாட்ஸ்அப்ல ஒரு குரூப் இருக்கு. ஷேர்ல போட்டு மாசம் 10 சதவீதம் உறுதியாத் தர்றாங்களாம். வளையலை வெச்சுப் போடட்டுமா?" என்றாள்.

"நீ அவங்களுக்குக் கடன் குடுக்கறியா, கூட்டு சேர்றியா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு" என்றேன். கடன் என்றால் மாதம் 10, வருஷத்துக்கு 120 சதவீதம். எந்தத் தொழிலில் அவ்வளவு வரும்? பங்கு என்றால், எந்த மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. செபி பதிவு எண்ணையும் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறாள். குரூப்பிலிருந்தே அவளைத் தூக்கிவிட்டார்கள்! என் மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தாள். வளையல் கையில் இருக்கிறது.

அந்த 24 சதவீத ரசீதைப் பீரோவிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன். மூன்றாவது கம்பெனியின் பத்திரத்தை மட்டும் போட மனசு வரவில்லை. காலணா பெறாது. ஆனால் ரேஷன் கார்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் அடுத்து என் பெயர் அச்சில் வந்தது இந்தப் பத்திரங்களில்தான். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியிலேயே திரும்ப வைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.