ஆழ்வார் காத்திருந்த ஊர்

காசிக்குப் போய் வந்தாயிற்று. இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் தலை நனைத்தாயிற்று. ஆக்ராவில் தாஜ்மகாலைப் பார்த்து ஆச்சரியப்பட்டும் ஆயிற்று. ஆனால் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தாம்பரத்துப் பக்கத்தை மட்டும் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இந்த வெட்கக்கேட்டைப் போக்கிக் கொள்வதென்று தீர்மானித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தனியாகப் புறப்பட்டேன்.

தனியாகப் புறப்பட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கோயில் வேண்டும். ஒருவருக்கு மிருகக் காட்சிசாலை வேண்டும். மூன்றாமவருக்கு எங்கே போனாலும் பத்து மணிக்குக் காபி வேண்டும். தனியே போகிறவனுக்கு இந்தச் சங்கடங்கள் இல்லை. வழி தவறிப் போனாலும் கோபித்துக் கொள்ள ஆள் இல்லை அல்லவா?

இன்னொரு காரணமும் என் சட்டைப் பையில் இருந்தது. அது ஒரு மனை விற்பனை விளம்பரத் தாள். "ஏரிக் காற்று வீசும் இன்ப மனைகள்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இடத்தையும் ஒரு முறை பார்த்து விடலாம் என்று எண்ணியிருந்தேன்.

கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ஆம் வருஷத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய அந்தச் சின்ன வண்டிகள் 2004-ஆம் வருஷத்தில் விடைபெற்றன. இப்போது அகலப் பாதை. ஆனால் ஜனக்கூட்டம் அதைவிட அகலம். ஞாயிற்றுக்கிழமையானதால் எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

பல்லாவரத்தில் இறங்கி, விசாரித்துக் கொண்டே குகைக் கோயிலை அடைந்தேன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திர பல்லவன் பாறையைக் குடைந்து ஐந்து கருவறைகளோடு அமைத்த கோயில் இது. அவனுடைய பட்டப் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று இது முஸ்லிம்கள் வழிபடும் தர்கா. "செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க ஐயா, நிதானமாப் பாருங்க" என்று அங்கிருந்த பெரியவர் அன்போடு அழைத்தார். அரசன் வெட்டிய தூண்களின் நிழலில் ஊதுவத்தி மணத்தது. ஆயிரத்து நானூறு வருஷமாகியும் அந்தக் கல் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை என்று எண்ணிக் கொண்டேன்.

பல்லாவரத்துக்கு அதைவிடப் பழைய பெருமை ஒன்றும் உண்டு. 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நில ஆராய்ச்சியாளர் இங்கே ஒரு சரளைக் குழியில் கல் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கல்லாயுதம்! இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் அத்தாட்சி அதுவே. நாம் காலங்காலமாக மிதித்துக் கொண்டு நடந்த கல்லை, வேற்று நாட்டிலிருந்து வந்தவர் குனிந்து எடுத்துப் பார்த்தார். பார்க்கக் கூடிய பொருள் நம்மிடம் எப்போதும் இருந்தது. குனிந்து பார்க்கும் வழக்கந்தான் இல்லை.

அங்கிருந்து பஸ் ஏறித் திருநீர்மலை சேர்ந்தேன். ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று இது. பெருமாள் இங்கே நான்கு திருக்கோலங்களில் சேவை சாதிக்கிறார். அடிவாரத்தில் நீர்வண்ணராக நிற்கிறார். மலைமேல் நரசிம்மராக இருக்கிறார், அரங்கநாதராகக் கிடக்கிறார், உலகளந்தவராக நடக்கிறார். ஒரே ஊரில் இந்த நான்கையும் சேவிக்கலாம் என்பதே இத்தலத்தின் சிறப்பு.

படியடியில் துளசி மாலை விற்ற பாட்டியிடம், "எத்தனை படி, பாட்டி?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கிட்டே ஏறினா கால் வலிக்கும், தம்பி. பெருமாளை நினைச்சுக்கிட்டு ஏறு" என்றாள்.

திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். வெள்ளம் வடியும் வரையில் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தல வரலாறு. அதனால்தான் ஊருக்கு நீர்மலை என்று பெயர். "இங்கேயா அவ்வளவு தண்ணீர்?" என்று பாட்டியிடம் சந்தேகத்தைக் கிளப்பினேன்.

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தப் பெருமழை வருஷத்திலே வந்திருக்கணும் நீ. ஆழ்வார் பொய் சொல்லலேன்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

அவள் சொன்னது 2015-ஆம் வருஷத்து மழையை. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் மாடிகளில் நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். ஆழ்வாரைப் போல் ஆறு மாதம் காத்திருக்க அவர்களால் முடியுமா?

தரிசனம் முடிந்து மலைமேலிருந்து சுற்றிலும் பார்த்தேன். மீனம்பாக்கத்து விமானங்கள் தாழ்ந்து இறங்கிக் கொண்டிருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏரிகள் பளபளத்தன. மற்ற இடமெல்லாம் வீடுகள். பல்லாவரத்துப் பெரிய ஏரியின் கதை நினைவுக்கு வந்தது. துரைப்பாக்கம் போகும் சாலை அதை இரண்டாகப் பிளந்தது. பிறகு ஊர்க் குப்பையெல்லாம் அதன் வயிற்றில் விழுந்தது. குகையைக் குடைந்த அதே மகேந்திரன், மகேந்திரவாடியில் தன் பெயரால் ஒரு பெரிய தடாகமும் வெட்டினான். ஏரியைக் காக்கவென்று தனி வாரியமே இருந்ததாக உத்தரமேரூர்ச் சோழர் கல்வெட்டு சொல்கிறது. பழம்பெருமை பேசுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் அந்தப் பெருமையில் ஏரிக்கும் பங்கு உண்டு என்பதைத்தான் மறந்து விட்டோம்.

மலையிறங்கி, தாம்பரம் போகும் வழியில் மனையைத் தேடிக் கண்டுபிடித்தேன். கல் நட்டு, வர்ணக் கொடிகள் கட்டியிருந்தார்கள். ஏரியை மட்டும் காணோம். அருகே ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒருவரிடம், "ஏரி எங்கே ஐயா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நீங்க நிக்கிற இடந்தான். இது ஏரி உள்வாய்" என்றார் அவர்.

விளம்பரத்தில் பொய் இல்லை. ஏரிக் காற்று வீசத்தான் வீசியது!

தாம்பரத்தில் சாப்பாட்டை முடித்துக் கொண்டு வண்டலூருக்குப் போனேன். சென்னையில் 1855-ஆம் வருஷத்தில் தொடங்கிய மிருகக் காட்சிசாலை, மூர்மார்க்கெட் பக்கத்து நெரிசலிலிருந்து விடுபட்டு, 1985-ஆம் வருஷத்தில் இங்கே திறக்கப்பட்டது. சுமார் அறுநூறு ஹெக்டேர் காடு. புலி உறங்கிக் கொண்டிருந்தது. குரங்குகள் நம்மை வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தன. உள்ளேயிருக்கும் ஓட்டேரிக்கு நீர்ப் பறவைகள் வரும். மிருகங்களுக்கு இடம் ஒதுக்கியபோது ஏரியையும் விட்டு வைத்தோமே என்று திருப்திப்பட்டுக் கொண்டேன்.

மாலையில் மாடம்பாக்கம். கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணில் மறைந்திருந்த லிங்கத்தின்மேல் பால் சொரிந்ததாக ஐதிகம். அதனால் சுவாமிக்குத் தேனுபுரீசுவரர் என்று திருநாமம். கருவறை விமானத்தின் பின்புறம், படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல் வளைந்திருக்கிறது. தூங்கானை மாடம் என்று இதைச் சொல்வார்கள். சோழர் காலத்து அழகை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை இராகு காலமாதலால், கூட்டமெல்லாம் தூணிலுள்ள சரபேசுவரரைச் சூழ்ந்திருந்தது.

பிறகு ஏரிக்கரைக்கு நடந்தேன். அங்கே உண்மையாகவே ஏரி இருந்தது. உண்மையாகவே தண்ணீர் இருந்தது. இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ஆம் வருஷத்தில் ராம்சார் என்னும் உலக அங்கீகாரம் கிடைத்தது. மிஞ்சியிருப்பதையாவது காப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

விளம்பரத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தேன். அதை ஏரியில் போடவில்லை. பையிலேயே பத்திரமாக வைத்துக் கொண்டேன்.

இரவு வீடு திரும்பியதும், "மனை எப்படி?" என்று கேட்டார்கள்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே ஒருவர் குடியிருக்கிறார். வெளியூர் போயிருக்கிறார், மழைக்காலத்தில் திரும்பி வருவார்" என்றேன்.