விலை உயர்ந்த உருவப் பொம்மையில் குறை வருவது ஏன்?

பதுளையிலும் பண்டாரவளையிலும் சில வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில், பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் ஸ்பைடர்மேனும் ஜப்பானியச் சித்திரக் கதை வீரர்களும் நிற்பதை இப்போது காண்கிறோம். கை, கால், கழுத்து யாவும் மடங்கும்படி செய்யப்பட்ட இவற்றை 'அக்‌ஷன் ஃபிகர்' என்பர். சிறுவர் விளையாடும் மலிவான பொம்மைகள் ஒரு வகை. சேகரிப்போருக்கென்றே செய்யப்படுபவை இன்னொரு வகை. ஹொங்கொங்கின் ஹொட் டோய்ஸ் நிறுவனம் மனித உருவத்தின் ஆறில் ஒரு பங்கு அளவில் செய்பவற்றுள் பல, 250 அமெரிக்க டொலருக்கு மேல் விற்கப்படுகின்றன. நமது ரூபாவில் அது ஒரு தோட்டத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தைத் தாண்டிய தொகை.

என் நானா இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் இணையத்தின் மூலம் இத்தகைய ஒன்றை வாங்கினார். பெட்டிக்குள் இரண்டு இடது கைகள் இருந்தன. வலது கை இல்லை. "இவ்வளவு காசு குடுத்தும் இப்படியா?" என்று உம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஓர் உருவம் பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். சிற்பி செய்த மாதிரியைக் கொண்டு உருக்கு அச்சு வெட்டப்படும். அதற்குள் உருகிய பிளாஸ்டிக்கைப் பெரும் அழுத்தத்தில் செலுத்துவார்கள். வளையக்கூடிய பாகங்களுக்குப் பெரும்பாலும் பீ.வீ.சி., உறுதியான பாகங்களுக்கு ஏ.பீ.எஸ். பயன்படும். ஆறிய துண்டுகளை வெட்டியெடுத்து, மறைப்புத் தகடு வைத்து நிறம் தெளித்து, நுண்ணிய இடங்களைத் தூரிகையால் தீட்டி, கண்களைச் சிறு ரப்பர் மெத்தையால் முத்திரை போல அச்சிடுவார்கள். பின்னர் மூட்டுகளைப் பொருத்திப் பெட்டியில் அடைப்பார்கள்.

ஒவ்வொரு படிக்கும் அதற்குரிய குறை உண்டு. சூடு ஆறுமுன் எடுத்த வாள் வளைந்துபோகும். அச்சின் இரு பாதிகள் சரியாகப் பொருந்தாவிட்டால் உடலில் கோடு விழும். மறைப்புத் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தால் நிறம் எல்லை தாண்டும். கண் அச்சு அரை மில்லி மீற்றர் விலகினால் வீரனுக்கு மாறுகண் வந்துவிடும். மூட்டுக்குள் நிறம் புகுந்து இறுகினால், முதல் தடவை மடக்கும்போதே கால் முறியும். இரு கைகளும் ஒரே நிறம், ஒரே அளவு. மணிக்கணக்காகப் பொருத்திக் களைத்தவர் கண்ணுக்கு இடது வலதாகத் தெரிவது எளிது.

விலை கூடினால் இவை குறையாதா? அந்த விலை எதற்காகப் போகிறது என்று பார்க்க வேண்டும். கதாபாத்திரத்தின் உரிமையாளருக்கு ஒரு பங்கு போகும். அச்சுக்கு ஒரு பங்கு போகும். ஓர் அச்சுத் தொகுதிக்கு 60,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 60,000 பொம்மை செய்தால் ஒன்றுக்கு 1 டொலர்தான் சேரும். 3,000 மட்டும் செய்தால் ஒன்றுக்கு 20 டொலர் சேரும். அரிதானது என்பதாலேயே விலை ஏறுகிறது. சோதிப்பவரின் எண்ணிக்கை அதனால் ஏறுவதில்லை. நுணுக்கம் கூடக் கூடக் கைவேலையும் கூடுவதால், தவறு நேரும் இடங்களும் பெருகும்.

அடுத்து, சோதிக்கும் முறை. ஊவா மாகாணத்தில் பிறந்த நமக்கு இதைத் தேயிலை கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும் பருவத்தில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. அதற்கேற்ற விலையும் உண்டு. அதைச் சுவைத்துத் தரம் பார்ப்பதற்குச் சர்வதேச முறையொன்றும் உண்டு: 100 மில்லி லீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். தொழிற்சாலையில் தூள் நன்கு கலக்கப்பட்டிருப்பதால் ஒரு கரண்டி முழுத் தொகுதிக்கும் சாட்சி சொல்லும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தும்.

பொம்மைக்கு அது பொருந்தாது. முதல் பெட்டியில் இருப்பது நல்லதென்றால் இரண்டாவதும் நல்லதென்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் செலவு அதிகம். ஆகவே உலகெங்கும் மாதிரிச் சோதனை என்ற கணக்கு முறையைப் பின்பற்றுகிறார்கள். 5,000 பொம்மைகள் கொண்ட தொகுதியில் வழக்கமான அட்டவணைப்படி 200ஐ எடுத்துப் பார்ப்பார்கள். பெருங்குறைக்கு 2.5 வீதம் என்ற எல்லையை வைத்திருந்தால், அந்த 200இல் 10 வரை குறையுள்ளவை இருந்தாலும் தொகுதி கப்பலேறும். 11 என்றால்தான் நிராகரிக்கப்படும். அதாவது, சில வீடுகளுக்குக் குறையுள்ள பெட்டி போகும் என்பது முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம். அந்தச் சில வீடுகளில் ஒன்று நம்முடையதாக இருந்தால், நமக்கு அது நூறு வீதக் குறை.

அழகுக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்தைப் பொறுக்க முடியாது. 2007 ஓகஸ்டில் அமெரிக்காவின் மெட்டல் நிறுவனம் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பேட்மேன் உருவங்களும் இருந்தன. கழன்று விழும் சிறு காந்தங்களைக் குழந்தைகள் விழுங்கினால் குடல் கிழியும் என்பதே காரணம். அதே காலத்தில் ஈயம் கலந்த நிறப்பூச்சினால் வேறு பொம்மைகளும் திரும்பப் பெறப்பட்டன. பலரும் சீனத் தொழிற்சாலைகளையே ஏசினார்கள். ஆனால் காந்தம் கழன்றதற்குத் தமது வடிவமைப்பே காரணம் என்று அடுத்த மாதமே மெட்டல் ஒப்புக்கொண்டு சீனாவிடம் மன்னிப்புக் கோரியது. வரைபடத்திலேயே இருக்கும் தவறைத் தொழிலாளியின் தலையில் போடக் கூடாது என்பது இதிலுள்ள பாடம். அயல்நாடான இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

வாங்குவோர் என்ன செய்யலாம்? விலை மிகக் குறைவாக இருந்தால் அது போலியா என்று விசாரியுங்கள். பெட்டியைத் திறக்கும்போது தொடக்கம் முதல் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். நானா அவ்வாறு செய்திருந்ததால் விற்றவர் மறுபேச்சின்றி வலது கையை அனுப்பிவைத்தார். இறுகிய மூட்டை வலிந்து திருப்பாமல், இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் வைத்து மெதுவாக அசையுங்கள். வளைந்த பீ.வீ.சி. பாகத்தையும் சுடுநீரில் இளக்கி நேராக்கி, உடனே குளிர்நீரில் அமிழ்த்தலாம். இலங்கைக் கடையில் வாங்கிய பொருள் என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். வாங்கிய மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சிறு பாகங்கள் கொண்ட சேகரிப்புப் பொம்மைகளைக் கைக்குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

விற்போருக்கும் ஒரு கடமை உண்டு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக வியாபாரி கூறினார். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். மழை அந்த வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்குள்ள உரிமையை நமது ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்கின்றன. குறையை முன்பே சொல்லி, வாங்குபவரும் அறிந்து ஏற்றால் அந்த விற்பனையில் பிணக்கு இல்லை.

மனிதக் கை செய்யும் பொருளில் குறை வரத்தான் செய்யும். அதை மறைக்காமல் சொல்பவரிடம் வாங்குவோம். நாளை நாமே தையலோ, தின்பண்டமோ, தேயிலையோ விற்கும் நாளில் ஈரத்தை மேலே வைத்து விற்போம்.