பன்னீர் திராட்சையும் எதிர்காற்றும்: கரிவலத்திலிருந்து கம்பத்துக்கு சைக்கிளில்

பிரான்சிலும் இத்தாலியிலும் திராட்சைத் தோட்டங்கள் வழியாகக் கூட்டமாக சைக்கிளில் போவது ஒரு பெரிய சுற்றுலாத் தொழில். இத்தாலியின் டஸ்கனியில் 1997-ல் ஆரம்பித்த 'எல்'எரோய்கா' விழாவில் பழைய இரும்பு சைக்கிள்களில் மண்சாலையில் மிதித்துப் போவார்கள். வழியில் நிற்கிற இடங்களில் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒயின் எல்லாம் உண்டு. நம்ம ஊரில் இதுக்கு ஈடு எது என்று கேட்டால் என் பதில் கம்பம் பள்ளத்தாக்கு. போன ஜனவரியில் ஆறு பேராகப் போய்விட்டு வந்தோம். போனதிலிருந்து படித்தும் கேட்டும் சேர்த்த குறிப்புகள்தான் இவை.

முதலில் வழி. வரைபடத்தில் கரிவலம்வந்தநல்லூருக்கும் கம்பத்துக்கும் இடையே நேர்கோட்டில் தூரம் குறைவுதான். ஆனால் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலை மலைகள் நிற்கின்றன. குறுக்கே சாலை கிடையாது. 2021-லிருந்து அது புலிகள் காப்பகம் வேறு. ஆகவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் (பால்கோவாவுக்கு ஒரு நிறுத்தம் கட்டாயம்), பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். கரிசல் மண், பருத்தி, மானாவாரி என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு தேனி தாண்டியதும் வேற உலகம். நெல், வாழை, தென்னை, அப்புறம் சின்னமனூரிலிருந்து திராட்சைப் பந்தல்கள். நெல்லுக்கெல்லாம் ஆதாரம் 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்.

தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கி.மீ. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏற்றம். உண்மையான எதிரி ஏற்றம் இல்லை, காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய் வழியாக இந்தப் பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. கணக்கு எளிது. காற்றின் தடை, நம்மேல் படும் காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றே இல்லாதபோது மணிக்கு 20 கி.மீ. போகிறவர், 15 கி.மீ. எதிர்காற்றில் அதே வேகத்தில் போக நினைத்தால், காற்றைத் தள்ள மட்டும் மூன்று மடங்கு சக்தி செலவாகும் (35-ஐ 20-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள்). கூட்டமாகப் போவதன் பலன் இங்கேதான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் தடை கணிசமாகக் குறையும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் முன்னால் போய் மாற்றிக்கொண்டால் யாரும் களைத்துப்போக மாட்டார்கள். ஜனவரியில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

இப்போ திராட்சைக்கு வருவோம். குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் தூங்கிவிடும், வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் தூங்க வைக்கிற குளிர் இல்லை. கொடிக்கு நாட்காட்டி கவாத்துக் கத்திரிதான். வெட்டிய சில நாளில் துளிர்க்கும், சுமார் நான்கு மாதத்தில் பழம். இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை என்பது இங்கே சாதாரணம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளில் கவாத்து செய்வதால், ஒரே கிலோமீட்டருக்குள் மொட்டைப் பந்தல், பூ, பச்சைக் காய், கறுத்த குலை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். டஸ்கனிக்காரருக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க், நாம் சொல்வது பன்னீர் திராட்சை. யார் வைத்த பெயரோ, வேதியியல்படி சரி. மஸ்கட் வகைகளின் மணத்துக்குக் காரணமான பொருட்களில் ஒன்றான ஜெரானியால், ரோஜா எண்ணெயிலும் இருக்கிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இதுல ஒரு சிக்கல். மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தில் சீவார்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. அப்படியானால் 1832-ல் வந்த கொடி இன்று பந்தலில் இருக்கிற ரகமாக இருக்க முடியாது. வேறு மஸ்கட் முதலில் வந்து, இது பின்னால் வந்திருக்க வேண்டும். அல்லது வருஷம் தப்பு. ஆனாலும் அந்த 1832 இன்னும் நகலெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது!

சாலையோரப் பந்தலில் கைக்கெட்டும் உயரத்தில் குலை தொங்கும்போது யாருக்கும் ஆசை வரும். எங்களில் ஒருவர் கை நீட்டியதும் தோட்டக்காரர் குரல் கொடுத்தார்: "தம்பி, கொடியில கை வைக்காதீங்க, நேத்துதான் மருந்து அடிச்சிருக்கு." அங்கே தெளிக்கிற மருந்துகளில் ஒன்று போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும். அதன் கதையே சாலையோரக் கைகளில் ஆரம்பிக்கிறது. பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, ஓரத்துக் கொடிகளில் இந்தக் கலவையைப் பூசி அசிங்கமாக்கி வைப்பார்கள். அந்தக் கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்கவில்லை என்பதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்து, சோதனை செய்து, 1885-ல் வெளியிட்டார். உலகின் முதல் வெற்றிகரமான பூஞ்சைக்கொல்லிகளில் ஒன்று அப்படி வந்தது. ஆகவே பறிக்காதீர்கள், எடை போட்டு வாங்கி, கழுவிச் சாப்பிடுங்கள்.

சரி, ஒயின்? பன்னீர் திராட்சை ஒயினுக்கும் சாறுக்கும் ஏற்றது. பறித்த பின் அதிக நாள் தாங்காது. இதுதான் விவசாயியின் கழுத்தைப் பிடிக்கிறது. குலை பழுத்துவிட்டால் அன்றைக்கு வியாபாரி சொல்கிற விலைதான் விலை, நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பதே கிடையாது. மகாராஷ்டிரம் 2001-ல் திராட்சை பதப்படுத்தலுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. நாசிக்கில் சூலா நிறுவனம் 2005-ல் தோட்டத்திலேயே சுவைக்கூடம் திறந்தது, இன்று பேருந்து பேருந்தாகக் கூட்டம் போகிறது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். உரிமம் இல்லாமல் ஒயின் வடிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். தோட்டக்காரர் தன் பழத்தில் வடித்த ஒயினை வாசலில் வைத்து விற்க வழியே இல்லை.

ஒயின் கூடம் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. குடியின் கெடுதல் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தெருக்களில் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் சாறுக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. பந்தல் நிழலில் நாலு நாற்காலி, புதுச் சாறு, உலர் பழம், கழிப்பறை ஒன்று. வருஷம் முழுக்கப் பழம் இருக்கிற இடம் உலகத்தில் அதிகம் இல்லை. சைக்கிள் கூட்டம் ஒன்று நின்றால் அரை மணி நேரத்தில் எத்தனை டம்ளர் காலியாகும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் காசோடுதான் போனோம். நல்ல சாறு தேடியதில் கிடைத்தது, மும்பைத் தொழிற்சாலையிலிருந்து வந்த பாட்டில்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி 15-ஐ ஒட்டிப் போங்கள். அன்று பென்னிகுயிக் பிறந்தநாள், பள்ளத்தாக்குக் கிராமங்களில் அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. அதற்கு மேல் குமுளி மலைச்சாலை, கியர் இல்லாத சைக்கிளில் முயற்சி வேண்டாம். திரும்பும்போது கம்பத்திலிருந்து தேனி வரை மெல்லிய இறக்கம்தான், ஆனாலும் மிதித்துத்தான் ஆக வேண்டும்.