புண்ணும் வடுவும்

பண்டைத் தமிழ் மறவர் முகத்தினும் மார்பினும் பட்ட புண்ணை விழுப்புண் எனப் போற்றினர். முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணினர். புண்ணின் பெருமை இருக்க, அஃது ஆறும் வகையினை ஈண்டு யாம் ஆராயப் புகுகின்றோம்.

புண்ணை ஆற்றுவது மருந்தன்று, உடலே. தோல் கிழிந்தவுடன் குருதி உறைந்து வாயை அடைக்கின்றது. பின்னர் அவ்விடம் சிவந்து வீங்குதல், வெள்ளணுக்கள் அழுக்கையும் கிருமிகளையும் அகற்றும் போரின் அறிகுறியாம். அதன்பின் அடியினின்று புதுத்தசை எழ, ஓரங்களினின்று தோல் படர்ந்து மூடுகின்றது. மருத்துவர் செய்வது இவ்வேலைக்குரிய தடைகளை விலக்குதலே. காயத்திற் காப்பித்தூளை அப்புவோர் தடையைக் கூட்டுகின்றனர். தூய நீராற் கழுவுதலே முதற்கடன்.

புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்தவேண்டும் என்பது நம்மவர் பலர் கொள்கை. 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்ட்டர் என்பார், பன்றிகளின் மேலோட்டமான புண்களுட் சிலவற்றை மெல்லிய தாளால் மூடி ஈரங்காத்தார். அவற்றின்மேல் தோல், உலரவிட்டவற்றினும் ஏறத்தாழ இருமடங்கு விரைவிற் படர்ந்தது. காய்ந்த பொருக்கின் கீழ்த் தோல் வழிதேடி நுழையவேண்டியிருத்தலே காரணம். விரைவு வடுவையுங் குறைக்கும்: மூன்று வாரத்தினும் மேற்படத் தாழ்க்கும் தீப்புண்ணே பெரும்பாலும் தடித்த வடுவாகின்றது. அங்ஙனம் தடித்ததனைச் சிலிக்கோன் தகட்டாலும் இறுக்குகட்டாலும் ஓரளவு தணிக்கலாம்; முற்றும் அழித்தல் அரிது.

மாடம்பாக்கத்துக்கு அணித்தே, தாம்பரம் சானடோரியத்தில், 2005-இல் திறக்கப்பட்ட தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் உளது. சித்த மருத்துவத்தில் ஆறாப் புண்களுக்கு வழங்குவது மத்தன் தைலம். ஊமத்தையிலைச் சாற்றையும் துருசையும் தேங்காயெண்ணெயிற் சேர்த்துக் காய்ச்சுவது அது. ஊமத்தையும் துருசும் நஞ்சுடைமையின், அத்தைலத்தை மருத்துவர் கைப்படவே கொள்ளுதல் வேண்டும்.

ஆயினும் எம்மை வியப்பித்தது மருந்தேயில்லாத ஒரு சிகிச்சை. 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைக் கண்டார். தொழுநோயாளர் உள்ளங்காற் புண் ஆறாமைக்குத் தசையே அழுகுதல் காரணம் என்பது அந்நாளைய பொதுவெண்ணம். பிராண்டு கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுத்தலின் நோயாளர் வலி அறியார். முள் தைத்த காலை நாம் நொண்டி நொண்டிக் காப்போம். அவரோ புண்ணையே மிதித்து நடப்பர். ஆதலின் அவர் காலை முழங்காலின்கீழ்ச் சுண்ணக்கட்டால் மூடினர். உடற்பாரம் ஓரிடத்தில் ஊன்றாது அடிமுழுதும் பரவிற்று; ஆண்டுக்கணக்காய் ஆறாத புண்களும் வாரக்கணக்கில் ஆறின! ஆறியபின் மீண்டும் புண்ணாகாவண்ணம் மெத்தென்ற ரப்பர் மிதியடிகள் செய்து கொடுத்தனர்.

வலியை நாம் பகையென்று வெறுக்கின்றோம். வலியிழந்தார் கால்களைப் பார்த்தார்க்கு அவ்வெறுப்பு நில்லாது.

1966-இல் பிராண்டு அமெரிக்கநாட்டுக் கார்வில் நகரத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார்; அம்முறையும் உடன் சென்றது. நீரிழிவாளர்க்கும் நரம்பு கெட்டு உள்ளங்கால் மரத்தல் உண்டாகலின், அவர் புண்ணுக்கும் அக்கட்டே இன்று பலநாடுகளிற் கட்டப்படுகின்றது. நம்மிடை நீரிழிவுடைய முதியோர் உள்ள இல்லங்கள் பல. இரவுதோறும் அவர்தம் உள்ளங்காலை விளக்கொளியிற் பார்த்தற்கு ஒரு நிமிடம் போதும். கொப்புளமோ வெடிப்போ தென்படின், வலியில்லையே என்று வாளா இராது, அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.